சாதி சான்றிதழ்ல இருக்கோம், மொழிப் பட்டியல்ல இல்ல

2011 சென்சஸ்ல சௌராஷ்டிரா தாய்மொழின்னு சொன்னவங்க 2,47,702 பேர். இந்த எண்ணை நேரா தேடினா கிடைக்காது. அரசியலமைப்போட எட்டாவது அட்டவணைல இருக்கிற 22 மொழி லிஸ்ட்ல இல்ல, அதுக்கு வெளிய தனி மொழின்னு ஏத்துக்கிட்ட 99 மொழி லிஸ்ட்லயும் இல்ல. குஜராத்திங்கற தலைப்பைத் திறந்து, அதுக்குக் கீழ எந்தெந்த தாய்மொழியை எல்லாம் சேத்திருக்காங்கன்னு பாத்துட்டே வந்தா, அங்க ஒரு வரில இருக்கும். அதாவது நானும் எங்கம்மாவும் வீட்ல பேசுற பாஷை அரசாங்கக் கணக்குப்படி குஜராத்தி. எனக்கு குஜராத்தில ஒரு வாக்கியம் படிக்கத் தெரியாது, ராஜ்கோட்ல இருந்து ஒருத்தர் வந்து எங்க வீட்டு ஹால்ல உக்காந்து பேசினா அங்கங்க ஒரு வார்த்தை பிடிபடும், அவ்வளவுதான்.

எங்களைப் பத்தி தெரியாதவங்களுக்காக கொஞ்சம் சொல்லிடறேன். குஜராத் பக்கத்துல இருந்து கிளம்பி, மஹாராஷ்டிரா வழியா விஜயநகரத்துக்கு வந்து, அங்க இருந்து நாயக்கர் காலத்துல மதுரைக்கு வந்த நெசவாளர் கூட்டம்னு பொதுவா சொல்லுவாங்க. மதுரைல திருமலை நாயக்கர் மஹாலைச் சுத்தி இருக்கிற தெருக்கள், விளக்குத்தூண், கீழவாசல் பக்கமெல்லாம் எங்க ஆளுங்க அதிகம். பரமக்குடி, எமனேஸ்வரம், சேலம், கும்பகோணம், திண்டுக்கல், பாளையங்கோட்டை, ஆரணின்னு தறி இருந்த ஊர்ல எல்லாம் இருக்கோம். மதுரை சுங்குடிக்கு 2005-ல புவிசார் குறியீடு கிடைச்சுதே, அது எங்க கை வேலைதான். டி.எம்.சௌந்தரராஜன் எங்க ஆளுன்னு சொன்னா நிறைய பேருக்கு ஆச்சரியம், வீட்ல சௌராஷ்டிரா பேசி வளர்ந்தவர் தமிழை அவ்வளவு சுத்தமா உச்சரிச்சுப் பாடினார். வீட்டுக்கு ஒண்ணு, வெளிய ஒண்ணுன்னு ரெண்டு பாஷையோடதான் நாங்க எல்லாருமே வளர்றோம், ரெண்டும் நம்மளுதுதான்னு தோணும்.

இத்தனை வந்து கலந்ததுல மொழியும் மாறிடுச்சு. அடிப்படை வட இந்திய மொழிக் குடும்பம், குஜராத்தி மராத்தி ரெண்டோட சாயலும் இருக்கும், அதுக்கு மேல தெலுங்கு, கன்னடம், தமிழ் எல்லாம் படிஞ்சு வார்த்தைல மட்டும் இல்லாம வாக்கியம் போற போக்கே தெக்கத்தி ஆயிடுச்சு. பிரிட்டிஷ் காலத்து மொழி ஆய்வாளர் கிரியர்சனோட மொழிக் கணக்கெடுப்பு நூல்ல, 1908-ல வந்த பகுதில, பட்ணூலிங்கற பேர்ல இதை குஜராத்தியோட கிளையா சேத்தாங்க. அன்னைக்கு ஒரு ஆய்வாளர் போட்ட வகைப்பாடு, அதுக்கு அவர்கிட்ட காரணம் இருந்திருக்கும். ஆனா நூறு வருஷம் தாண்டியும் சென்சஸ்ல அதே தலைப்புக்குக் கீழதான் இருக்கோம்.

என்னை ரொம்ப உறுத்துற விஷயம் ஒண்ணு இருக்கு. தமிழ்நாடு அரசோட பிற்படுத்தப்பட்டோர் பட்டியல்ல "சௌராஷ்டிரா (பட்டுநூல்காரர்)"னு தெளிவா இருக்கு. என் சாதி சான்றிதழ்ல அந்தப் பேர் அச்சடிச்சு, முத்திரையோட இருக்கு. எங்களை ஒரு சாதியா அரசாங்கத்துக்கு நல்லாவே தெரியும், ஒரு மொழி பேசுறவங்களா மட்டும் தெரியாது. அதே பேர்தான், ஒரு ஃபார்ம்ல இருக்கு, இன்னொரு ஃபார்ம்ல இல்ல.

இன்னொரு ஃபார்ம்னு சொன்னது சும்மா இல்ல. என் பையனை ஒன்னாம் கிளாஸ் சேக்கப் போனப்ப (எந்த ஸ்கூல்னு சொல்லல, இது அந்த ஸ்கூல் பிரச்சனை மட்டும் இல்ல) ஆபீஸ்ல இருந்த பொண்ணு கம்ப்யூட்டர்ல ஒவ்வொண்ணா கேட்டு டைப் பண்ணிட்டே வந்தா. பேர், பிறந்த தேதி, ரத்த வகை. தாய்மொழின்னு கேட்டா, சௌராஷ்டிரான்னேன். மானிட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினா, டிராப்டவுன்ல தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், உருது, ஹிந்தி, அப்புறம் "மற்றவை". மற்றவைன்னு போடுங்கன்னேன். "வேணாம்க்கா, மற்றவைன்னு போட்டா அப்புறம் என்னன்னு கேட்டு திருப்பி அனுப்புவாங்க, தமிழ்னே போட்டுடறேன், வீட்ல தமிழும் பேசுவீங்கல்ல"ன்னா. நல்ல பொண்ணு, எனக்கு வேலை மிச்சமாகட்டும்னுதான் சொன்னா. நான் மற்றவைன்னே போடச் சொன்னேன், பின்னாடி லைன்ல நின்ன இன்னொரு அம்மா, அவங்களும் எங்க தெருக்காரங்கதான், "எதுக்கு இதெல்லாம், தமிழ்னு போட்டா என்ன குறைஞ்சா போகுது"ன்னு எங்க பாஷைலயே என்கிட்ட கேட்டாங்க. அந்தக் கேள்விக்கு பதில் சொல்றதுக்குத்தான் இவ்வளவு நீளமா எழுதிட்டு இருக்கேன்.

குறையும். எப்படின்னா, நம்ம நாட்டுல ஒரு சின்ன மொழிக்கு சட்டப்படி என்ன கிடைக்கும்னு பாத்தா எல்லாமே எத்தனை பேர் பேசுறாங்கங்கறதுல வந்து நிக்குது. அரசியலமைப்புல 350-ஏ பிரிவு இருக்கு, 1956-ல ஏழாவது திருத்தத்துல வந்தது. மொழிச் சிறுபான்மை குழந்தைகளுக்கு ஆரம்பக் கல்வியை தாய்மொழில கொடுக்க ஒவ்வொரு மாநிலமும் முயற்சி எடுக்கணும்னு சொல்லுது. எட்டாவது அட்டவணைல இருக்கணும்னு அதுல ஒரு வார்த்தை கிடையாது, எந்த மொழிச் சிறுபான்மைக்கும் பொருந்தும். அதுக்கு முன்னாடியே 1949-ல மாகாண கல்வி அமைச்சர்கள் கூடி ஒரு கணக்கு போட்டாங்க, ஒரு ஸ்கூல்ல மொத்தம் 40 பிள்ளைங்க, இல்ல ஒரு கிளாஸ்ல 10 பிள்ளைங்க ஒரே தாய்மொழிக்காரங்களா இருந்தா அந்த மொழில சொல்லித்தர வாத்தியார் போடணும்னு. மஹால் பக்கத்து ஸ்கூல் ஏதாவது ஒண்ணுல ஒரு கிளாஸுக்குள்ள போய் வீட்ல சௌராஷ்டிரா பேசுறவங்க கை தூக்குங்கன்னா பத்து கை ஈஸியா வரும். ரெஜிஸ்டர்ல மட்டும் பத்து பேருமே தமிழ்னு இருப்பாங்க. அப்ப அந்த விதியை எடுத்துக்கிட்டு யார் போய் கேக்கிறது, எதைக் காட்டி கேக்கிறது?

தமிழ்னு போட்டா என்ன குறையுதுன்னு கேட்டாங்கல்ல, இதுதான் குறையுது.

மொழிச் சிறுபான்மையினருக்குன்னு ஒரு சிறப்பு அதிகாரியும் இருக்காரு, 350-பி, அதே 1956 திருத்தம், 1957-ல அலுவலகம் ஆரம்பிச்சாங்க. அவர் ரிப்போர்ட் எழுதி ஜனாதிபதிக்குக் கொடுப்பார், அது பார்லிமெண்ட்ல வைக்கப்படும். உத்தரவு போடுற அதிகாரம் எல்லாம் கிடையாது. இருந்தாலும் ரிப்போர்ட்ல ஒரு பத்தி வரணும்னாகூட எண்ணிக்கை வேணும்.

30-வது பிரிவு மட்டும் எங்களுக்கு ஓரளவு கை கொடுத்திருக்கு. மொழிச் சிறுபான்மையினர் தங்களுக்குன்னு கல்வி நிலையம் நடத்தலாம்ங்கற உரிமை அது. யார் சிறுபான்மைங்கறதை மாநிலத்தை வச்சுத்தான் பாக்கணும்னு 2002-ல டி.எம்.ஏ. பாய் வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. மதுரை சௌராஷ்டிரா கல்லூரி மொழிச் சிறுபான்மை கல்லூரியாத்தான் நடக்குது. பெரியவங்க பாடுபட்டு கட்டினது, அதுல படிச்சு முன்னுக்கு வந்த குடும்பங்கள் எத்தனையோ. ஆனா அந்த உரிமை நிர்வாகம் பண்றதுக்கான உரிமை. மொழியைச் சொல்லித்தர சிலபஸ், பாடநூல், ட்ரெய்னிங் எடுத்த வாத்தியார் இதெல்லாம் அதோட தானா வந்துடாது.

இப்ப எட்டாவது அட்டவணைக்கு வர்றேன், ஏன்னா எங்க ஆளுங்க கூட்டம் போட்டா முதல் தீர்மானமே அதுதான். 1950-ல 14 மொழி. 1967-ல சிந்தி சேந்தது, 1992-ல கொங்கணி, மணிப்பூரி, நேபாளி, 2003 திருத்தத்துல போடோ, டோக்ரி, மைதிலி, சந்தாலி, ஆக மொத்தம் 22. இதுல சேர என்ன தகுதின்னு கேட்டா எழுதி வச்ச அளவுகோல் எதுவும் கிடையாது. 1996-ல பாஹ்வா கமிட்டி, 2003-ல சீதாகாந்த் மொகபாத்ரா கமிட்டின்னு ரெண்டு கமிட்டி போட்டும் அளவுகோல் முடிவாகலைன்னு மத்திய அரசே பார்லிமெண்ட்ல சொல்லிட்டு இருக்கு. 38 மொழிக்கு கோரிக்கை இருக்குன்னு ஒரு லிஸ்ட்டும் உள்துறை வச்சிருக்கு, போஜ்பூரி, துளு, குடகு, கோண்டி எல்லாம் அதுல இருக்கு. சௌராஷ்டிரா அந்த 38-லயும் இல்ல. நம்ம நீலகிரி படகர்களோட படகாவும் இல்ல.

எண்ணிக்கைதான் அளவுகோல்னா அதுவும் சரியா வரல. சமஸ்கிருதத்தை தாய்மொழின்னு 2011-ல சொன்னவங்க 24,821 பேர், அது முதல் நாள்ல இருந்தே அட்டவணைல இருக்கு. துளு பேசுறவங்க 18 லட்சத்துக்கு மேல, உள்ள இல்ல. சொந்தமா ஒரு மாநிலம் இருக்கணும்னா சிந்திக்கு ஏது மாநிலம்? பிரிவினைல ஊரே அந்தப் பக்கம் போயிடுச்சு, இருந்தும் 1967-ல சேத்தாங்க, நல்ல காரியம்தான் பண்ணாங்க. போடோவுக்கு பல வருஷப் போராட்டமும் 2003 ஒப்பந்தமும் தேவைப்பட்டுது. ஆக யாருக்கு குரல் இருக்கோ, யார் சத்தத்தை டெல்லி கேக்குதோ அவங்களுக்குத்தான் இடம், நான் அப்படித்தான் பாக்கிறேன். எங்களுக்கு அந்த பலம் கிடையாது, நெசவும் வியாபாரமும்னு ஒதுங்கி இருந்தே பழகின ஜனம்.

மைதிலி கதைதான் எனக்கு பெரிய தெம்பு. 1991 சென்சஸ் வரைக்கும் மைதிலி ஹிந்திக்குக் கீழதான் இருந்துது. 2003-ல அட்டவணைல சேத்ததும், அதுக்கப்புறம் வெளிய வந்த 2001 சென்சஸ் மொழிக் கணக்குலயே தனி மொழியா வந்துடுச்சு, 2011-ல ஒரு கோடியே 35 லட்சம் பேர். நடுவுல மைதிலி மாறிடலையே, அதே வார்த்தை அதே இலக்கணம். கொங்கணியை மராத்தியோட கிளைன்னு எத்தனை காலம் சொன்னாங்க, 1975-ல சாகித்ய அகாடமி தனி இலக்கிய மொழின்னு ஏத்துக்கிச்சு, 1987-ல கோவால ஆட்சி மொழி ஆச்சு, அப்புறம் அட்டவணைக்கும் வந்துது. எது மொழி எது கிளைங்கறது பாதி முடிவு ஆபீஸ்லதான் எடுக்கிறாங்க. எடுத்த முடிவை மாத்தவும் முடியும்.

தமிழ் வாசகர்கள்கிட்ட ஒண்ணு சொல்லணும், கோவிச்சுக்காதீங்க. ஹிந்தி பேசுறவங்க 52 கோடின்னு சொல்றப்ப, அதுல போஜ்பூரி 5 கோடி, ராஜஸ்தானி 2.5 கோடி எல்லாத்தையும் சேத்துத்தான் அந்த கணக்கு, வெறும் ஹிந்தின்னு சொன்னவங்க 32 கோடிதான்னு நாம எல்லாரும் எடுத்துக் காட்டுறோம், நானும் காட்டுவேன், நியாயமான வாதம். அதே சென்சஸ்ல தமிழ்ங்கற தலைப்பைத் திறந்து பாருங்க, இருளர் மொழி, கைகாடி, கொரவா, எருகுலா எல்லாம் அதுக்குள்ள இருக்கு. கன்னடத்துக்குள்ள படகா இருக்கு, 1 லட்சத்து 33 ஆயிரம் பேர். தோடர் மொழிக்கு இதுகூட இல்ல, 1971-ல இருந்து பத்தாயிரம் பேருக்குக் கீழ பேசுற மொழிகளோட பேரையே தனியா போடுறதில்ல. 1961-ல 1652 தாய்மொழிகளோட பேர் வெளிய வந்துது. 2011-ல ஜனங்க சொன்ன பேர்கள் 19,569, அதை அலசி 1369 ஆக்கி, அதை ஒண்ணுக்குள்ள ஒண்ணு சேத்து 121 மொழியா ஆக்கினாங்க. சலிக்கிறது வேண்டியதுதான், ஒரே மொழியை பத்து விதமா ஸ்பெல்லிங் போட்டிருப்பாங்க, சாதிப் பேரை, ஊர்ப் பேரை சொல்லியிருப்பாங்க. ஆனா ஹிந்திக்கு ஒரு நியாயம் இருளருக்கு ஒரு நியாயம்னு வச்சுக்க முடியாது.

தமிழோட எங்களுக்கு சண்டை எதுவும் இல்ல, இதை அழுத்தியே சொல்றேன். எல்லா ஸ்கூல்லயும் பத்தாம் கிளாஸ் வரைக்கும் தமிழ் கட்டாயம்ங்கற 2006 தமிழ் கற்றல் சட்டம் வந்ததுல இருந்து தெலுங்கு, உருது, கன்னட, மலையாள ஸ்கூல்கள் கோர்ட்டுக்குப் போய், வருஷா வருஷம் பத்தாம் கிளாஸ் தமிழ் தேர்வுக்கு விலக்கு வாங்கி, 2023-ல உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. அவங்க நிலைமை வேற, அவங்க பிள்ளைங்க தங்களோட மொழில பாடநூல் வச்சு படிச்சு வந்தவங்க. எங்க பிள்ளைங்க தமிழ்லயும் இங்கிலீஷ்லயும்தான் படிக்கிறாங்க, அது அப்படியே இருக்கட்டும். நாங்க கேக்கிறது வாரத்துல ரெண்டு மூணு பீரியட், ஒன்னாம் கிளாஸ்ல இருந்து அஞ்சாம் கிளாஸ் வரைக்கும், பாட்டு கதை எழுத்துன்னு.

எழுத்துன்னதும் எங்களுக்குள்ள இருக்கிற சண்டையையும் சொல்லித்தான் ஆகணும். எங்களுக்கு தனி லிபி இருக்கு. 19-ம் நூற்றாண்டு கடைசில எங்க சமூகத்து அறிஞர் ராமராய் அதைச் சீராக்கி பாலபாடம் எல்லாம் அச்சடிச்சார். 2008-ல யூனிகோட்ல சேந்துடுச்சு, போன்ல ஃபாண்ட்டும் கிடைக்குது. எங்க மொழில ம, ந, ல இதெல்லாம் சில வார்த்தைல மூச்சோட வரும், லேசா ஒரு ஹகாரம் ஒட்டிக்கிட்டு. அதுக்குன்னே எங்க லிபில ஹாருன்னு ஒரு குறி இருக்கு, தமிழ் எழுத்துல எழுதினா புள்ளியோ வேற ஏதோ போட்டு சமாளிக்கணும். ஆனா நடைமுறைல என் தலைமுறைல அந்த லிபி படிக்கத் தெரிஞ்சவங்க ரொம்பக் கம்மி. தேவநாகரிதான் சரின்னு ஒரு கூட்டம், சொந்த லிபிதான்னு ஒரு கூட்டம், தமிழ்ல எழுதினாத்தான் ஜனம் படிக்கும்னு ஒரு கூட்டம், இந்த வாக்குவாதம் என் தாத்தா காலத்துல இருந்து ஓடுது. 1843-ல பிறந்த எங்க சமூகத்து பக்திக் கவி நாயகி சுவாமிகள் சௌராஷ்டிராவுல பாடின கீர்த்தனைகளை இன்னைக்கு எங்க வீட்டுப் பெண்கள் தமிழ் எழுத்துல அச்சடிச்ச புக்கை வச்சுத்தான் பாடுறாங்க, பாட்டு உயிரோட இருக்கு. லிபி முடிவாகட்டும், அப்புறம் ஸ்கூல் கேக்கலாம்னு காத்திருந்தா என் பையன் தலைமுறையும் போயிடும். கொங்கணிக்காரங்க தேவநாகரியா ரோமன் எழுத்தான்னு இன்னமும் சண்டை போடுறாங்க, அதுக்காக அங்கீகாரம் வாங்காம இருந்தாங்களா என்ன.

2023 ஏப்ரல்ல சௌராஷ்டிரா தமிழ் சங்கமம்னு மத்திய அரசும் குஜராத் அரசும் சேந்து நடத்தினாங்க, மதுரைல இருந்து ஸ்பெஷல் ட்ரெய்ன்ல சோமநாத் வரைக்கும் கூட்டிட்டுப் போனாங்க. போயிட்டு வந்த எங்க பெரியம்மா அந்த வரவேற்பைப் பத்தி சொல்லிச் சொல்லி கண் கலங்கினாங்க, எத்தனையோ நூறு வருஷம் கழிச்சு பிறந்த வீட்டுக்குப் போன மாதிரி இருந்துதாம். அதை நான் மதிக்கிறேன். ஆனா அந்த உறவைக் கொண்டாடுறவங்ககிட்ட எனக்கு ஒரு கோரிக்கை இருக்கு. மொழியை குஜராத்திக்குள்ள போட்டு எண்ணாம தனியா எண்ணுங்க. இவ்வளவு தூரம் வந்தும் நாங்க காப்பாத்தி வச்சிருந்தது அந்த மொழியைத்தான்.

எட்டாவது அட்டவணை கேக்க வேண்டாம்னு நான் சொல்லல. அரசியலமைப்புல அந்த அட்டவணையைப் பத்தி பேசுற பிரிவுகள் 344-ம் 351-ம்தான், ஒண்ணு ஆட்சிமொழி கமிஷனைப் பத்தி, இன்னொண்ணு ஹிந்தியை வளக்கிறதைப் பத்தி. அதைத் தாண்டி யூ.பி.எஸ்.சி. தேர்வுல இடம், சாகித்ய அகாடமி வருஷ விருது இந்த மாதிரி பலன்கள் நடைமுறைல வந்து ஒட்டிக்கிட்டது. நல்லதுதான், கௌரவம்தான். ஆனா ஒன்னாம் கிளாஸ் பிள்ளைக்கு அது எப்ப வந்து சேரும்? தனியா எண்ணுறது, ஸ்கூல் ஃபார்ம்ல பேர் போடுறது, பத்து பிள்ளை இருந்தா பீரியட் கொடுக்கிறது, இந்த மூணுக்கும் அரசியலமைப்புத் திருத்தம் தேவையே இல்ல, சம்பந்தப்பட்ட துறைகள் நினைச்சா போதும். எங்க சமூக சங்கத்துல எல்லாரும் டெல்லிக்கு மனு எழுதுறதுல காட்டுற வேகத்தை இதுல காட்டினா நல்லாருக்கும்னு மீட்டிங்லயே சொன்னேன், சிலருக்கு பிடிக்கல. பரவால்ல.

நம்ம கைல இருக்கிறது சென்சஸ்தான். 2021-ல நடக்க வேண்டியது தள்ளிப் போய் இப்ப 2027 மார்ச் 1-ஐ கணக்கு நாளா வச்சு அறிவிச்சிருக்காங்க. 2001-ல சௌராஷ்டிரான்னு சொன்னவங்க 1,85,420 பேர், 2011-ல 2,47,702, மூணுல ஒரு பங்கு கூடியிருக்கு. தமிழ்நாட்டு மொத்த ஜனத்தொகையே அந்தப் பத்து வருஷத்துல 16 சதவீதத்துக்குள்ளதான் கூடுச்சு. அப்ப இந்த கூடுதல் குழந்தை பிறந்து மட்டும் வந்ததா இருக்காது, முன்னாடி தமிழ்னு சொன்ன வீடுகள் நிறைய பேர் இந்த தடவை சௌராஷ்டிரான்னு சொல்லியிருக்காங்கன்னுதான் எனக்குப் புரியுது. குஜராத்திக்குள்ளயே வச்சு எண்ணினாலும் அந்த தனி வரி வெளிய வருது, அதைக் காட்டி நாளைக்குப் பேசலாம்.

சென்சஸ்ல தாய்மொழின்னா சின்ன வயசுல அம்மா உங்ககிட்ட பேசின மொழி. ஸ்கூல்ல படிச்சது, கடைல பேசுறது எதுவும் இல்ல. அதுக்கு அடுத்து தெரிஞ்ச வேற மொழின்னு ரெண்டு கேப்பாங்க, தமிழையும் இங்கிலீஷையும் அங்க சொல்லிக்கலாம், தமிழ் தெரியாதுன்னு ஆகிடாது, அந்த பயம் சிலருக்கு இருக்கு. வர்றவங்க பெரும்பாலும் நம்ம ஏரியா டீச்சரா இருப்பாங்க, தெரிஞ்சவங்களா இருப்பாங்க, கேக்காமலே தமிழ்னு போட்டுட்டு அடுத்த கேள்விக்குப் போயிடுவாங்க, நாமதான் நிறுத்திச் சொல்லணும், என்ன பதிவு பண்ணீங்கன்னு ஒரு தடவை காட்டச் சொல்லிப் பாக்கணும். பட்டுநூல்காரர், பட்ணூலி, குஜராத்தின்னு ஆளுக்கு ஒண்ணு சொல்லாம எல்லாரும் சௌராஷ்டிரான்னே சொல்லுங்க. பரமக்குடி, சேலம், கும்பகோணத்துல தனியா இருக்கிற பெரியவங்களுக்கு முன்னாடியே போன் பண்ணி சொல்லிடுங்க. இருளர், படகர் நண்பர்கள் யாராவது இதைப் படிச்சா உங்க வீடுகள்லயும் சொல்லுங்க, உங்களுக்கும் இதே வேலை இருக்கு.